எடை குறைந்த ரோமானியக் காசு: அந்தக் காலத்துப் போலியா என்று பார்ப்பது எப்படி?

நான் முதலில் வாங்கிய, ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் காலத்துச் செப்புக்காசைத் தராசில் வைத்தபோது 5.9 கிராம்தான் காட்டியது. பத்துக்கு மேல் இருக்க வேண்டியது. ஏமாந்துவிட்டோம் என்று ஒரு வாரம் புலம்பினேன். அப்புறம்தான் புரிந்தது: அது போலிதான், ஆனால் ரோமானியர் காலத்திலேயே செய்து, செலவும் செய்த போலி.

முதல் வேலை, கையில் இருப்பது என்ன காசு என்று தெரிந்துகொள்வது. இரண்டாம் நூற்றாண்டுக் காசில் பேரரசர் தலையில் கதிர்க் கிரீடம் இருந்தால் துபோண்டியஸ் என்ற காசு, சுமார் 12, 13 கிராம். இலை மாலையோ வெறுந்தலையோ என்றால் பெரும்பாலும் ஆஸ் என்ற காசு, 10, 11 கிராம். கரூர் அமராவதி ஆற்றில் கிடைக்கிற பொடிக் காசுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவற்றில் பெரும்பாலானவை நான்கு, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அசலே ஒன்றிரண்டு கிராம்தான்.

சரி, இப்போது எடை போடுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஒன்றிரண்டு கிராம் குறைந்தால் பதற வேண்டாம், தேய்மானமும் அரிப்பும் அவ்வளவு தின்றுவிடும். ஆனால் எழுத்தெல்லாம் ஓரளவு நன்றாகத் தெரிகிறது, எடை மட்டும் பாதிதான் என்றால் சந்தேகப்படலாம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

தீர்ப்பு விளிம்பில் இருக்கிறது. அரசுக் காசுகளை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் உலோகத்தை வைத்துச் சுத்தியலால் அடித்துச் செய்தார்கள். கார்னுண்டம் போன்ற டான்யூப் ஆற்று எல்லைப் பட்டாளத்து ஊர்களில் கிடைக்கும் போலிகளோ, நல்ல காசைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து, அதில் உலோகத்தை உருக்கி ஊற்றியவை. அதனால் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும், அல்லது உலோகம் ஊற்றிய இடத்தில் உடைத்தெடுத்த தழும்பு இருக்கும். காலிப்பரில் அளந்தால் காசு மெலிந்து, விட்டமும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். காயும்போது களிமண் சுருங்குகிறது, ஆறும்போது உலோகமும் சுருங்குகிறது.

அடுத்து பூதக்கண்ணாடி. விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். அடித்த காசில் எழுத்து தேய்ந்திருந்தாலும் அடிப்பாகம் வெடுக்கென்று எழும்பி நிற்கும். வார்த்ததில் சோப்பில் செதுக்கியதுபோல வழவழவென்று மங்கியிருக்கும், அங்கங்கே ஊசிமுனைக் குழிகளும் தெரியும். உள்ளே ஈயம் கலந்திருக்கிறதா என்று சுரண்டிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், பச்சைக் களிம்பு போனால் போனதுதான்.

எல்லாப் போலியும் வார்ப்பு அல்ல, ஆரம்பத்தில் நான் குழம்பியது இங்கேதான். பேரரசர் கிளாடியஸின் (ஆட்சி கி.பி. 41–54) காசுகளைப் பார்த்து, புதிதாக அச்சு வெட்டியே அடித்தார்கள். 43-இல் படை பிரிட்டனுக்குள் போனது, சிப்பாய்களுக்குச் சில்லறை பற்றவில்லை, அவருக்கு அடுத்து வந்த நீரோவும் தன் ஆட்சியின் முதல் சில வருடங்கள் செப்புக்காசே அடிக்கவில்லை. அந்த இடைவெளியை இந்தப் போலிகள்தான் நிரப்பின. இவற்றில் விளிம்பைப் பார்த்துப் பயனில்லை. பூப் பக்கத்தில் ஈட்டி எறியும் மினர்வா தெய்வத்தைப் பாருங்கள்: கைகால் குச்சியாக இருக்கும், எழுத்து கோணும், சிலதில் தலைகீழாகவோ இடவலம் மாறியோ நிற்கும். எடையும் நல்ல காசுக்குப் பக்கத்திலிருந்து பாதிக்குக் கீழே வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை: இன்று வார்த்து விற்கிற போலியிலும் அதே கோடு, அதே வழவழப்பு இருக்கும். களிம்பு குழிகளுக்குள்ளும் ஊறியிருக்கிறதா, பெயின்ட் மாதிரி மேலே மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இதே எடை, இதே கீறல், இதே இடத்தில் அதே குழியோடு இன்னொரு காசு விற்பனைக்கு வந்திருந்தால், பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.