பெரிய இலக்கை உடைப்பது எப்படி: நாட்களால் வகுத்தால் மட்டும் போதாது

38 வயதில் நீச்சல் கற்றுக்கொள்ள இறங்கினேன். இலக்கு, நிற்காமல் 1 கிலோமீட்டர். குளத்தின் நீளம் 25 மீட்டர், ஆக 40 நீளம். முதல் வாரம் 1 நீளம், அடுத்த வாரம் 2 என்று நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்தேன். கணக்கு கச்சிதமாக வந்தது. மூன்றாம் நாள் மூக்கில் தண்ணீர் ஏறி, கரைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தேன். நோட்டு அலமாரிக்குள் போய்விட்டது.

40ஐ 40 துண்டாக்கியது சரிதான். ஆனால் அந்த முதல் துண்டே எனக்குத் தெரியாத வேலை. பல மாதம் கழித்து வேறு விதமாக உடைத்துப் பார்த்தேன். அந்த முறை இதுதான்.

படி 1: முடிந்ததா இல்லையா என்று தெரிகிற மாதிரி எழுதுங்கள்

"நன்றாக நீந்த வேண்டும்" என்பதற்கு முடிவே கிடையாது. "நிற்காமல் 40 நீளம்" என்றால் ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை, இதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

படி 2: "இன்றைக்கே ஏன் முடியாது?" என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள்

முக்கியமான படி இதுதான். என் நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

40 நீளம் ஏன் முடியாது? ஒரு நீளமே முடியவில்லை. ஏன்? பாதியில் மூச்சு முட்டுகிறது. ஏன்? மூச்சு இழுக்கத் தலையைத் தூக்குகிறேன், தூக்கியதும் கால் கீழே போய்விடுகிறது. எதற்குத் தூக்குகிறேன்? முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன், உள்ளேயே வெளிவிடத் தெரியவில்லை.

அடிக்காரணம் தட்டுப்பட்டுவிட்டது. ஆகவே முதல் துண்டு: இடுப்பளவு தண்ணீரில் நின்று, கம்பியைப் பிடித்து, முகத்தை முக்கி, மூக்கால் குமிழி விடுவது, 10 தடவை. பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் அதையே செய்துகொண்டிருந்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. மூன்று நாளில் முடிந்தது.

இன்றைக்கே, இருக்கிற திறமையோடு செய்ய முடிகிற ஒன்று வரும்வரை கேள்வியை நிறுத்தாதீர்கள்.

படி 3: தெரிந்த வேலையா, தெரியாத வேலையா என்று பிரியுங்கள்

தெரியாத வேலையை அளவால் வெட்ட முடியாது. ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி என்று வெட்ட வேண்டும். நிலவுக்கு மனிதனை அனுப்புவதாக 1961ல் அமெரிக்கா அறிவித்தபின் நடந்ததைப் பாருங்கள். விண்வெளியில் இரண்டு கலன்களை இணைக்க முடியுமா? 1966 மார்ச்சில் ஜெமினி 8 இணைத்துக் காட்டியது. மனிதர்கள் நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்ப முடியுமா? 1968 டிசம்பரில் அப்பல்லோ 8. 1969 மே மாதம் அப்பல்லோ 10ன் இறங்குகலம் நிலவின் தரைக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டர் வரை போய், இறங்காமல் திரும்பியது. எனக்கு மிகப் பிடித்த துண்டு அது. அவ்வளவு கிட்டே போயும், அன்றைய கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டே மாதத்தில் அப்பல்லோ 11 இறங்கியது.

தெரிந்த வேலை என்றால் வகுத்தல் போதும். உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷுங்க்கும் 1981ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு 42 பக்கக் கழித்தல் பயிற்சி, 7 அமர்வுகள். ஒரு குழுவிடம் ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் கடைசிக்குள் 42ஐயும் முடியுங்கள் என்றார்கள். வேலை ஒன்றுதான். 6 பக்கக் குழு நன்றாகத் தேறியது, கணக்கின் மேல் ஆர்வமும் கூடியது.

நான்கு நீளம் நிற்காமல் வந்த பிறகே பழைய நோட்டை எடுத்தேன். வாரத்துக்கு 2 நீளம் கூட்டினால் 18 வாரத்தில் 40. இப்போது அந்தக் கணக்குக்கு அர்த்தம் இருந்தது.

படி 4: முதல் மூன்று துண்டுகளை மட்டும் பொடியாக்குங்கள்

மீதியெல்லாம் பெரிய கட்டியாகவே கிடக்கட்டும். ஆறு மாதத்துக்கு நாள்வாரியாக அட்டவணை போடுவது சுகமான வேலை, ஆனால் அது வேலையே இல்லை.

படி 5: எப்போது, எங்கே என்று சேர்த்து எழுதுங்கள்

"குமிழிப் பயிற்சி" என்று விடாமல், "செவ்வாய் காலை 6 மணி, உடை மாற்றியதும் நேராக ஆழமில்லாத பக்கம்" என்று எழுதினேன். "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது உதவுகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

படி 6: இரண்டு முறை தவறினால் மறுபடி வெட்டுங்கள்

ஒரே துண்டில் இரண்டு தடவை சறுக்கினால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், உள்ளே இன்னொரு வேலை ஒளிந்திருக்கிறது. பக்கவாட்டில் மூச்சு எடுப்பது எனக்கு வரவே இல்லை. பிரித்துப் பார்த்தால் தலையைத் திருப்புவது ஒன்று, உடம்பைச் சாய்ப்பது ஒன்று. தனித்தனியாகப் பழகியதும் வந்துவிட்டது.

தேதியை மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். 22 நீளத்தில் இருந்தபோது சளி பிடித்து இரண்டு வாரம் போனது, திரும்பி வந்து 16லிருந்து ஆரம்பித்தேன். 18 வாரம் என்று போட்ட கணக்கு 24 வாரத்தில் முடிந்தது.