கூத்துப் பிரதிக்கும் பனையோலைப் பெட்டிக்கும் வெவ்வேறு உரிமை

முல்லைத்தீவில் நீங்கள் எழுதிய கூத்துப் பிரதிக்குப் பதிப்புரிமை பெற எங்கும் பதிய வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியதுமே அவ்வுரிமை உருவாகி, உங்கள் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நிலைக்கிறது. வெறும் கதைக்கருவுக்கு அது கிடையாது. ஆகவே, பிரதியை நீங்களே எழுதினீர்கள் என்பதற்குச் சான்றாக, அடித்தல் திருத்தலோடு கூடிய கொப்பியைத் திகதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். வீடு ஒதுக்கும்போது முதலில் எறியப்படுவது பெரும்பாலும் அதுதான்.

கிளிநொச்சிச் சந்தையில் விற்கும் பனையோலைப் பெட்டியின் பெயரையும் சின்னத்தையும், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில், பொருளின் வகுப்பை (அது எந்த வகைப் பொருள் என்பதை) குறிப்பிட்டு, வியாபாரக் குறியாகப் பதிய விண்ணப்பிக்க வேண்டும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும், பின்னர் புதுப்பிக்கலாம். ‘பனையோலைப் பெட்டி’ என்ற பொதுப்பெயரையே குறியாகக் கேட்டால், அது பொருளை விவரிக்கும் சொல் மட்டுமே என்று மறுக்கப்படும்.