ஆய்வேட்டை முடிக்கும்வரை உறுதி தளராதிருக்க

முனைவர் பட்ட ஆய்வேடு பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் அறிவுக்குறைவு காரணமன்று. தரவுகளைத் திரட்டி முடித்தபின், எவரும் கேட்காத, கெடு எதுவும் நெருக்காத நீண்ட எழுத்துக்காலமே ஆய்வாளரைத் தளரச் செய்கிறது. ஆகவே நாள்தோறும் ஒரே நேரத்தில், 45 நிமிடங்களேனும், மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே எழுத அமருங்கள். எழுத்தை நிறுத்தும்போது, அடுத்து வரவேண்டிய கருத்தை ஒரு வரியில் குறித்து வையுங்கள். மறுநாள் வெற்றுப் பக்கத்தின் முன் திகைத்து நிற்கும் வேதனையை இது பெரிதும் குறைக்கும். முன்னுரையை முதலில் எழுத முயலாதீர்கள். ஆய்வுமுறை பற்றிய இயலே எளிய தொடக்கம். நீங்கள் செய்ததை மட்டுமே அங்கு விவரிக்க வேண்டும். ஓர் இயல் முழுமையாகச் செம்மையுறும்வரை நெறியாளரிடம் காட்டத் தயங்குவதுதான், என் கருத்தில், மிகப் பெரிய தடை. குறையுள்ள வரைவையே, எந்தக் கேள்விக்கு அவருடைய கருத்து தேவை என்று குறிப்பிட்டு, இரு வாரங்களுக்கு ஒருமுறை அனுப்புங்கள்.