ஆள் எண்ணாதீர்கள், நிமிடம் எண்ணுங்கள்: புதிய வரவுகளையும் மாற்றாள் பலத்தையும் எடைபோடும் முறை

ஆகஸ்டு பிறந்துவிட்டால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை இரவு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) திரைக்கு எதிரே மேசை கிடைப்பது பெரிய பாடு. லண்டனில் பிற்பகல் 3 மணி கால்பந்து ஆட்டம் நமக்கு இரவு 10 மணி. ஆனால் சண்டை 8 மணிக்கே தொடங்கிவிடும். "அண்ணே, நம்ம டீம்ல 28 பேரு இருக்காங்க, கவலையே இல்ல" என்பார் ஒருவர். "28 பேரு இருந்து என்ன தம்பி, வான் டைக் கால புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டா அங்க யாரு நிக்கிறது?" என்பார் எதிரில் இருப்பவர். வான் டைக் லிவர்பூலின் தடுப்பாட்டக்காரர். அண்ணன் கேள்வி சரிதான், ஆனால் அதற்கு விடை பெயர்ப் பட்டியலில் இல்லை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பருவத்தில் எத்தனை நிமிடம் தேவை, அந்த நிமிடங்களை நிரப்ப யாருக்கு உடம்பும் திறமையும் இருக்கிறது என்ற கணக்கில்தான் இருக்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) 20 பேர் வந்து நிற்கலாம். உயர்ந்த மரத்தில் அரிவாள் போடத் தெரிந்தவர் 2 பேர்தான் என்றால், அன்றைய குலை வெட்டு அந்த 2 பேர் அளவுதான். அணியும் அப்படியே.

தேவையானது ஒரு தாள், ஒரு பென்சில், கைப்பேசியில் கால்குலேட்டர். பேனா வேண்டாம், கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் பரிமாற்றக் காலம் முடிவதற்குள் நிறைய அழிக்க வேண்டியிருக்கும். உதாரணங்கள் இங்கிலாந்து பிரிமியர் லீக்கிலிருந்து. நம் கடைகளில் அதிகம் அடிபடும் பெயர்கள் அவைதாம்.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள்

பிரிமியர் லீக்கில் ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள். 38 × 90 = 3,420 நிமிடங்கள். ஓர் இடத்துக்கு லீக்கில் மட்டும் இவ்வளவு வேண்டும். சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்) இருவர் என்றால் 6,840. ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் 2024-25 பருவத்திலிருந்து லீக் சுற்றே 8 ஆட்டங்கள். அதற்கு ஓர் இடத்துக்கு இன்னும் 720. இரண்டு உள்நாட்டுக் கிண்ணங்களில் எவ்வளவு தூரம் போவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, ஆகவே தலா 2 ஆட்டம் போட்டால் போதும். ஐரோப்பியப் போட்டியில் இல்லாத அணிக்கும் இருக்கிற அணிக்கும் ஒரே அளவுகோல் வைத்துப் பேசுவதுதான் கடையில் நடக்கும் தவறுகளில் பெரியது. லீக்கை மட்டும் விளையாடும் அணிக்கு 18 நல்ல ஆட்டக்காரர்கள் தாராளம். வாரம் 2 ஆட்டம் விளையாடும் அணிக்கு அதே 18 பேர் டிசம்பரிலேயே தீர்ந்துபோவார்கள்.

தாளில் 11 கட்டங்கள் போடுங்கள். பயிற்றுநர் எந்த வடிவத்தில் ஆடுகிறாரோ அதே வடிவத்தில் போட வேண்டும். 3 சென்டர் பேக் வைத்து ஆடும் அணிக்கு 4-3-3 கட்டம் (பின்னால் 4, நடுவில் 3, முன்னால் 3 பேர்) போட்டால் கணக்கு முழுவதும் தப்பு.

பிறகு ஒவ்வொருவரும் தரக்கூடிய நிமிடங்கள்

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் கடந்த 3 பருவங்களின் லீக் நிமிடங்களை எடுங்கள். ஒரு பருவம் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். கூட்டி, 3 பருவங்களிலும் ஆடியிருக்கக்கூடிய மொத்த நிமிடங்களால் வகுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. எல்லா லீக்கிலும் 38 ஆட்டங்கள் இல்லை. ஸ்பெயின், இத்தாலி 38. ஜெர்மனி, போர்த்துகல், நெதர்லாந்து 34. பிரான்சும் 2023-24 முதல் 34. ஆக ஜெர்மனியிலிருந்து வருகிறவருக்கு முழுப் பருவம் 3,060 நிமிடங்கள்தான். அவரை 3,420ஆல் வகுத்தால் நோயாளி போலத் தெரிவார்.

கற்பனையாக ஒருவரை எடுப்போம். ஜெர்மனியில் 3 பருவங்களில் 2,450, 1,100, 2,600. மொத்தம் 6,150. ஆடியிருக்கக்கூடியது 9,180. அதாவது 67 விழுக்காடு. இங்கிலாந்துக்கு வந்தால் 3,420இல் சுமார் 2,290 நிமிடம் எதிர்பார்க்கலாம். மீதி 1,130 நிமிடம், ஏறத்தாழ பன்னிரண்டரை ஆட்டம், வேறொருவர் ஆட வேண்டும். யார் அந்த வேறொருவர் என்று எதிரில் இருப்பவரைக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

ஆனால் அந்த 1,100 ஏன் குறைந்தது என்று பார்க்காமல் கணக்கை முடிக்காதீர்கள். பயிற்றுநருக்குப் பிடிக்காமல் பெஞ்சில் இருந்தாரா, காயமா? பெஞ்சில் இருந்தவரின் உடம்பில் கோளாறு இல்லை. அந்தப் பருவத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். காயம் என்றால் என்ன காயம்? எதிராளி மோதிக் கால் எலும்பு முறிவது ஒரு முறை நடக்கும் விபத்து. தொடையின் பின்தசை ஒரே பருவத்தில் 3 முறை பிடித்தது என்றால் அது திரும்பவும் வரும், வேகத்தை நம்பி ஆடும் விங்கருக்கு (ஓரத்தில் ஓடித் தாக்குபவர்) இன்னும் சீக்கிரம் வரும். காய வரலாற்றை டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தில் ஆள்வாரியாகப் பார்க்கலாம். அதே தளத்தில் இருக்கும் சந்தை மதிப்பை மட்டும் வாங்கிய விலை போலப் பேசாதீர்கள். அது மதிப்பீடு, எந்த கிளப்பும் அந்தத் தொகைக்குக் காசோலை எழுதுவதில்லை.

பெஞ்சிலிருந்து வருகிறவர் கணக்கு தனி. ஓர் ஆட்டத்துக்கு 9 மாற்று ஆட்டக்காரர்களில் 5 பேரை இறக்கலாம். ஒவ்வோர் ஆட்டத்திலும் 70ஆவது நிமிடத்தில் இறங்குகிறவர் 38 ஆட்டத்திலும் இறங்கினாலும் 760 நிமிடங்கள்தான், அதாவது எட்டரை ஆட்டம்கூட இல்லை. லிவர்பூல் பட்டம் வென்ற 2024-25 பருவத்தில், அந்தக் கோடையில் வந்த கியேசா லீக்கில் ஆடியது 104 நிமிடங்கள். பெயரைப் பட்டியலில் எழுதி "பலம்" என்று சொல்லலாம். கட்டத்தில் 104 என்றுதான் எழுத முடியும்.

இரண்டு இடம் ஆடத் தெரிந்தவரை இரண்டு கட்டத்திலும் முழு நிமிடம் போட்டு எழுதுவது எல்லோரும் செய்யும் தப்பு. அவர் ஒரே ஆள். 2,500 நிமிடம் தருவார் என்றால் 1,500, 1,000 என்று பிரித்து எழுதுங்கள். பிரித்த பிறகு எத்தனை "ஆல்-ரவுண்டர்" அணிகள் ஓட்டையாகத் தெரியும் என்று நீங்களே பார்க்கலாம்.

ஓட்டை எங்கே விழும்

எல்லாக் கட்டமும் சமமில்லை. விங்கரில் ஆள் குறைந்தால் ஃபுல் பேக்கை (ஓரத் தடுப்பாட்டக்காரர்) முன்னே தள்ளலாம், இளையவரை இறக்கலாம், ஓரளவு சமாளிக்கலாம். சென்டர் பேக்கும் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரும் (தடுப்பு வரிசைக்கு முன்னே நின்று காப்பவர்) அப்படியில்லை. அங்கே ஒருவரை இழுத்து நிரப்பினால் அவர் விட்டு வந்த இடமும் ஓட்டையாகும்.

இதற்கு 2020-21 லிவர்பூலைவிட நல்ல பாடம் கிடையாது. அக்டோபரில் எவர்ட்டன் ஆட்டத்தில் வான் டைக் போனார். நவம்பரில் கோமஸ். ஜனவரி முடிவில் மாத்திப். மத்தியத் திடலில் ஆடும் ஃபபீனியோவும் ஹெண்டர்சனும் பின்னால் இறங்கினார்கள். உடனே மத்தியத் திடல் மெலிந்தது. காயம் 3 சென்டர் பேக்குகளுக்கு, ஆனால் அணி இழந்தது 5 இடங்கள். குளிர்காலப் பரிமாற்றத்தின் கடைசி நாளில் கபாக்கை இரவலாகவும் பென் டேவிஸை விலைக்கும் கொண்டுவந்தார்கள். பென் டேவிஸ் லிவர்பூலுக்கு ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை. பருவத்தை முடித்துவைத்தது நாட் ஃபிலிப்ஸும் ரீஸ் வில்லியம்ஸும். அணி மூன்றாம் இடத்தில் முடித்தது. அவசரத்தில் வாங்கும் ஆள் காகிதத்தில்தான் இடத்தை நிரப்புவார்.

அதே கிளப் 2025 கோடையில் 400 மில்லியன் பவுண்டுக்கு மேல் செலவழித்தது. இசாக் ஒருவருக்கே 125 மில்லியன், பிரிட்டிஷ் சாதனைத் தொகை. விர்ட்ஸ், எகிட்டிகே, கெர்கஸ், ஃபிரிம்போங் எல்லாரும் வந்தார்கள். சென்டர் பேக் கட்டத்தில் மட்டும் 34 வயது வான் டைக், கொனாட்டே, அடிக்கடி காயப்படும் கோமஸ், 18 வயது லியோனி. கடைசி நாளில் இன்னொரு சென்டர் பேக் கெய்ஹி வருவது நின்றுபோனது. செப்டம்பரில் லியோனி தன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். எவ்வளவு செலவழித்தார்கள் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மான்செஸ்டர் சிட்டி 2024 செப்டம்பரில் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் ரோட்ரியைக் காயத்தால் இழந்து அந்தப் பருவத்தில் மூன்றாவதாக முடித்ததும், ஆர்சனல் 2025 தொடக்கத்தில் ஹெசுசும் ஹாவர்ட்சும் காயப்பட்டபின் மிட்ஃபீல்டர் மெரீனோவை ஸ்ட்ரைக்கராக (முன்னால் நின்று கோல் போடுபவர்) நிறுத்தியதும் இதே வகை. மெரீனோ லெஸ்டருக்கு எதிராக 2 கோல் போட்டார் என்பது வேறு விஷயம். 2 கோல் போட்டாலும் கட்டத்தில் ஸ்ட்ரைக்கர் இல்லை.

காயம் இல்லாமலும் நிமிடங்கள் போகும். முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் 5 மஞ்சள் அட்டை வாங்கினால் ஓர் ஆட்டத் தடை. 32ஆவது ஆட்டத்துக்குள் 10 என்றால் 2 ஆட்டம். டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் கட்டத்தில் 180 நிமிடம் இப்போதே கழித்துவிடுங்கள். ஆப்பிரிக்க ஆட்டக்காரர்கள் இருந்தால், அவர்கள் தங்கள் நாட்டு அணிக்குப் போய்விடும் ஆப்பிரிக்கக் கிண்ணத்தின் தேதியைப் பாருங்கள். மொரோக்கோவில் நடந்தது 2025 டிசம்பர் 21 முதல் 2026 ஜனவரி 18 வரை. இங்கிலாந்தில் ஆட்டங்கள் நெருக்கியடிக்கும் நேரமே அதுதான்.

பதிவுப் பட்டியல்

வாங்கிய எல்லாரையும் ஆடவிட முடியாது. பிரிமியர் லீக்கில் 25 பேர் பட்டியல். அதில் உள்நாட்டில் வளர்ந்தவர் அல்லாதோர் 17 பேருக்கு மேல் கூடாது. 21 வயதுக்குட்பட்டோர் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். 2025-26க்கு அது 2004 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள். "அவன் ஸ்பெயின்காரன், வெளிநாட்டுக் கணக்கு" என்று அடித்துச் சொல்லாதீர்கள். இந்த விதி கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. 21ஆவது பிறந்தநாளுக்கு முன் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் 3 பருவமோ 36 மாதமோ பதிவில் இருந்தால் போதும். 16 வயதில் ஆர்சனலுக்கு வந்த ஃபாப்ரிகாஸ் அப்படித்தான் உள்நாட்டுக் கணக்கில் வந்தார்.

சாம்பியன்ஸ் லீக் பட்டியல் இன்னும் இறுக்கம்: 25இல் 8 இடம் உள்ளூரில் வளர்ந்தவர்களுக்கு, அந்த 8இலும் 4 அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு. ஆள் இல்லையென்றால் இடம் காலியாகவே கிடக்கும். 2025 செப்டம்பரில் லிவர்பூல் கியேசாவை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே தாளில் ஐரோப்பிய நிமிடங்களைத் தனிப் பத்தியாக எழுதி, பட்டியலில் இல்லாதவருக்கு அங்கே பூஜ்யம் போடுங்கள். இரவலில் வந்தவர் தன் சொந்தக் கிளப்புக்கு எதிரான லீக் ஆட்டத்தில் ஆட முடியாது; 2 ஆட்டம், 180 நிமிடம் கழியுங்கள்.

கோல் கணக்கும் விலைக் கணக்கும்

ஸ்ட்ரைக்கர் 15 கோல் என்று விளம்பரம் வரும். பெனால்ட்டியைக் கழியுங்கள். 6 பெனால்ட்டி என்றால் ஆட்டத்தில் போட்டது 9. புதுக் கிளப்பில் ஏற்கெனவே பெனால்ட்டி அடிக்க ஒருவர் இருந்தால் உங்களுக்கு வருவது அந்த 9 போடுகிறவர்தான். 90 நிமிடத்துக்கு இத்தனை கோல் என்ற கணக்கையும் 900 நிமிடத்துக்குக் கீழே ஆடியவருக்குப் போடாதீர்கள். 400 நிமிடத்தில் 3 கோல் போட்டவர் காகிதத்தில் கோல் குவிக்கும் ஹாலண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பார்.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. 60 மில்லியனுக்கு 5 ஆண்டு ஒப்பந்தம் என்றால் கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கு 12 மில்லியன் செலவு. ஒப்பந்தம் 8 ஆண்டு என்றாலும் இப்போது 5 ஆண்டுக்குமேல் பிரித்துப் போட விதி இடம் தராது. 3 ஆண்டு கழித்து விற்றால் புத்தகத்தில் 24 மில்லியன் பாக்கி. 30க்கு விற்றால் லாபம் 6தான். விலை கொடுக்காமல் கிளப்பே வளர்த்த சொந்த அகாடமிப் பையனை 30க்கு விற்றால் 30ம் லாபம். நமக்குப் பிடித்த பையனை ஏன் விற்கிறார்கள் என்ற கோபத்துக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. தாளில் அந்தப் பையன் தந்த நிமிடங்களை அழிக்க மறக்காதீர்கள். வந்தவரை எழுதுகிற கை போனவரை அழிப்பதில்லை.

எப்போது எழுதுவது

ஜூலையில் பென்சிலால் ஒரு முறை. பரிமாற்றக் காலம் மூடியதும் மறுபடி. 2025இல் அது செப்டம்பர் 1, லண்டன் நேரம் இரவு 7 மணி, நமக்கு 2ஆம் தேதி விடியற்காலை 2 மணி. கடைசி 2 மணி நேரத்துக்குள் ஒப்பந்தத் தாள் கொடுத்துவிட்டால் பதிவை முடிக்க இன்னும் 2 மணி நேரம் கிடைக்கும், அதாவது நமக்கு 4 மணி வரை. காலையில் பெரட்டுக்குப் போகிறவர் விழித்திருக்க வேண்டாம். மருத்துவச் சோதனை முடிந்தது என்ற செய்தி பதிவு ஆகாது. காலை உணவு நேரத்தில் கிளப்பின் சொந்த அறிவிப்பைப் பார்த்து எழுதினால் போதும்.

மூன்றாவது முறை டிசம்பர் கடைசியில். அதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். எதிர்பார்த்த நிமிடத்துக்குப் பக்கத்தில் உண்மையில் ஆடிய நிமிடத்தை எழுதுங்கள். இரண்டுக்கும் 500க்கு மேல் வித்தியாசம் உள்ள கட்டங்களை மட்டும் வட்டமிடுங்கள். ஜனவரியில் யாரை வாங்க வேண்டும் என்ற சண்டையை அந்த வட்டங்களுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

மலேசிய சூப்பர் லீக் அணிக்கும் இதே தாள் உதவும். ஆனால் 2 விஷயம் முதலில்: வெளிநாட்டு ஆட்டக்காரர் எத்தனை பேர் என்ற விதி அடிக்கடி மாறுவதால் அந்தப் பருவத்து விதியைப் பாருங்கள். பிறகு கிளப்பில் சம்பளப் பாக்கிச் செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கி இருந்தால் பருவத்தின் நடுவில் கட்டங்கள் தானாகவே காலியாகும், காயம் தேவையில்லை.