குளத்தில் காற்றுப் படகு விட்டுப் பறவை விரட்டும்முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர், சுசீந்திரம் பக்கம் கும்பப்பூ நெல் நடவு முடிந்ததும் நீலத் தாழைக்கோழிகள் குளத்திலிருந்து வயலுக்கு ஏறும். இளம்பயிரைப் பிடுங்கி, அடித்தண்டின் வெள்ளைப் பகுதியைத் தின்றுவிட்டு மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டுப் போகும். பார்க்கிறவருக்கு வயிறு எரியும். அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் பின்னால் பெரிய விசிறி சுழலும் காற்றுப் படகை, அதாவது ஏர்போட்டை, ஓட்டிப் பறவைக் கூட்டத்தைக் கலைக்கிறார்களே, இங்கேயும் ஒன்று விட்டால் என்ன என்று தோன்றும்தான்.

பெரிய தவறு, பறவையின் குணம் பார்க்காமல் இறங்குவது. அங்கே அவர்கள் கலைக்கும் கரும்பறவைகள் சத்தம் கேட்டால் கூட்டமாக எழும்பிவிடும். தாழைக்கோழி அப்படியில்லை. குட்டை வாலை வெட்டி வெட்டி ஆட்டியபடி, குளத்தில் உயரமாக வளரும் சம்புப் புல்லுக்குள் நடந்து மறையும். படகு தாண்டியதும் வெளியே வரும். சரி, சம்பு மேலேயே ஓட்டலாமே? ஏர்போட்டால் அது முடியும்; தட்டையான அடி, விசிறியும் தண்ணீருக்கு மேலே. ஆபத்தும் அதுதான். தாழைக்கோழியின் கூடு அந்தச் சம்புக்குள்ளேதான் இருக்கும். தாமரைப் பரப்பில் இலைக்கோழி முட்டையிடுவது மிதக்கும் சருகுக் கூட்டில். ஓர் அலை போதும், முட்டை தண்ணீருக்குள். தாமரை இலை கிழிந்தால் பூக்குத்தகைக்காரர் சும்மா விடுவாரா?

சட்டத்தை மறப்பது அடுத்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். சுசீந்திரம்-தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022 முதல் ராம்சார் தலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று அறிவிக்கப்பட்ட ஈரநிலங்கள். வனத்துறையிடம் கேட்காமல் அங்கே எஞ்சினைக் கிளப்பவே கூடாது.

எல்லாப் பறவையையும் ஒரே கணக்கில் சேர்ப்பதும் தப்பு. நத்தைகுத்தி நாரை வயலில் நத்தை பொறுக்குகிறது; அதை விரட்டினால் நஷ்டம் நமக்கு. அக்டோபருக்கு மேல் வந்திறங்கும் நீலச்சிறகி வாத்துகள் வடக்கே எங்கிருந்தோ பறந்து வந்தவை. அவற்றை ஓயவிடாமல் எழுப்பினால், தின்று சேர்த்த தெம்பெல்லாம் வீண்.

ஓட்டுவதிலும் கவனம் வேண்டும். ஏர்போட்டுக்குப் பிரேக் கிடையாது, பொதுவாக ரிவர்ஸும் கிடையாது. விசிறிக் காற்று சுக்கானில் மோதினால்தான் திரும்பும். பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை விட்டால் திருப்பவும் முடியாது. நம் குளங்களின் அகலத்துக்கு இது சரிப்படாது என்பது என் எண்ணம்.

அப்புறம், நேரம். தாழைக்கோழி மும்முரமாக மேய்வது விடியலிலும் அந்தியிலும். பத்து மணிக்கு மேல் போட்ட சத்தம் பிரயோஜனப்படாது. தினமும் ஒரே சத்தம் என்றால் அதற்கும் பழகிவிடும். நட்ட முதல் சில வாரங்கள் விடியற்காலையில் ஆள் வரப்பில் நடப்பதும், கூடு இல்லாத காலம் பார்த்து வயலை ஒட்டிய புதரை வெட்டி ஒளிய இடமில்லாமல் செய்வதும் செலவு குறைந்த வழிகள். குளத்துக்குள் வளர்ந்த சம்பில் கை வைக்கும்முன் மட்டும் வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.