பழைய டிஸ்கில் உங்கள் ஃபைலே திறக்கவில்லையா?

பழைய கணினியின் டிஸ்கை இன்னொரு உபுண்டு (லினக்ஸ் வகை) கணினியில் மாட்டினால், சில சமயம் நம் ஃபைலையே நம்மால் திருத்த முடியாது. எக்ஸ்ட்4 (லினக்ஸ் ஃபைல்களைச் சேமிக்கும் முறை) டிஸ்கில் உரிமையாளரின் பெயர் பதிவாவதில்லை, எண்தான் பதிவாகும். முதல் பயனருக்கு வழக்கமாக 1000, அடுத்தவருக்கு 1001. அங்கே 1001 ஆக இருந்தவர் இங்கே 1000 என்றால், லினக்ஸுக்கு நீங்கள் வேற்றாள்!

டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ‘எல்எஸ் மைனஸ் எல்என்’ கொடுத்தால் அந்த எண் தெரியும். பிறகு சுடோவுடன் (நிர்வாகி அதிகாரத்துடன்) உரிமையாளரை மாற்றும் சிஎச்-ஓன், உள்ளே இருப்பவற்றையும் சேர்க்க மைனஸ் கேப்பிடல் ஆர், உங்கள் பயனர்பெயர், ஃபோல்டரின் பாதை. என்டர் தட்டுமுன் பாதையை இருமுறை பாருங்கள். வெறும் சாய்கோடு (முழு சிஸ்டத்தையும் குறிப்பது) மட்டும் போனால் சிஸ்டமே படுத்துவிடும்.

அனுமதி எண்ணாக 777 (யாரும் படிக்கலாம், திருத்தலாம், இயக்கலாம்) போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அது வாசற்கதவையே கழற்றி வைக்கிற வேலை. பெரும்பாலும் ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 போதும்; பிறர் பார்க்கலாம், திருத்துவது உரிமையாளர் மட்டுமே. எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) தனிச்சாவிக்கு மட்டும் 600, அதாவது உரிமையாளர் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. பிறர் படிக்க முடிந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்காது.