கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் புழுவை வண்ணத்துப்பூச்சியாகும் வரை வளர்ப்பது எப்படி?

உங்கள் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் உடனே தட்டிவிடாமல் உற்றுப் பாருங்கள், நகர்ந்தால் அது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி (காமன் மார்மன்) என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுதான். எலுமிச்சை அழகியின் புழுவும் சின்ன வயதில் இப்படித்தான் இருக்கும், இரண்டையும் வளர்க்கும் முறை ஒன்றே.

முதலில், புழுவைக் கையால் பிடுங்காதீர்கள். அது இருக்கும் ஈர்க்கோடு சேர்த்து வெட்டி, தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டிலில் செருகி, பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழு உள்ளே விழுந்து செத்துவிடும். இதை ஒரு பெரிய டப்பாவுக்குள் வைத்து மேலே கொசுவலையைக் கட்டுங்கள். கீழே காகிதம் விரித்துத் தினமும் மாற்ற வேண்டும், எச்சம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்து இலை. இங்கேதான் ரொம்பக் கவனம் வேண்டும். கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம், கழுவினாலும் பூச்சிமருந்து முழுசாகப் போகாது. மருந்தடிக்காத வீட்டுச் செடியின் இலை மட்டும் போடுங்கள்.

புழு ஒரு நாள் சாப்பிடாமல் அசையாமல் இருந்தால் பயப்படாதீர்கள், தோல் உரிக்கப் போகிறது, தொடாமல் விட்டால் போதும். நான்காவது முறை உரித்ததும் பச்சையாகிவிடும், அப்போது இலையைக் காலி செய்யும் வேகத்தைப் பார்க்க வேண்டுமே! தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னால் சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டி நாற்றம் விடும், நமக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் ஒருநாள் இளகலாகக் கழிந்துவிட்டு அங்குமிங்கும் அலையும். உடனே உள்ளே ஒரு காய்ந்த குச்சியைச் சாய்த்து வையுங்கள். அதில் பட்டு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும், நிறம் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கலாம். ஏறத்தாழ 10 நாளில், பெரும்பாலும் காலையில், பூச்சி வெளியே வரும். சிறகு சுருங்கித்தான் இருக்கும், பிரித்துவிட உதவப் போகாதீர்கள், தொங்கியபடி தானே விரித்துக் காயவைக்கும். கீழே சொட்டும் திரவம் ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

கறிவேப்பிலை அழகி கருஞ்சிறகில் வெள்ளைப் பட்டையோடு வந்தால் ஆணாக இருக்கலாம், அதே தோற்றமுள்ள பெண்ணும் உண்டு. சிவப்புப் புள்ளிகளோடு வந்தால் வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள், அது பெண். ஆடுதின்னாப்பாளை வகைச் செடிகளைத் தின்று நஞ்சேறிய ரோஜா அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் போல வேஷம் போட்டுப் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது, எனக்கு இந்தப் பூச்சியில் மிகவும் பிடித்ததே இதுதான்.

சிறகு நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே வெயிலில் விட்டுவிடுங்கள். மழை பெய்தால் மட்டும் நிற்கும்வரை உள்ளேயே இருக்கட்டும்.